திங்கட்கிழமை ரத்தம்

எங்கள் லேபில் நெகட்டிவ் என்றால் அது நான்தான். ஆறு வருடமாக அப்படித்தான் இருந்தது.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் அது. நானும் ஆயிஷா அக்காவும் அங்கே டெக்னீஷியன்கள். காய்ச்சல் என்று படியேறி வருகிறவர்கள் டாக்டர் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் "டைபாய்டு பாக்கணுங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார்கள். அவர்கள் கேட்பது வைடால் டெஸ்ட். ஒரு நாளைக்கு இருபது முப்பது பேருக்கு நான் அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டைபாய்டு என்பது வாய்வழியாகக் குடலுக்குள் புகுந்து, அங்கிருந்து ரத்தத்தில் பரவுகிற கிருமி. வைடால் அந்தக் கிருமியை நேரில் பார்ப்பதில்லை. கிருமி நுழைந்ததும் உடம்பு அதை எதிர்க்க ரத்தத்தில் சில பொருள்களை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கிறது. எடுத்த ரத்தத்தைச் சுழற்றினால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அதுதான் சீரம். அதில் ஒரு துளியை வட்டம் போட்ட அட்டையில் விட்டு, செத்துப்போன டைபாய்டுக் கிருமிகள் கலந்த நீலத் துளி ஒன்றைச் சேர்த்து, ஒரு நிமிடம் அட்டையை மெல்ல ஆட்ட வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் துளி திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாகும். இல்லையென்றால் வழவழவென்று அப்படியே நிற்கும்.

தினமும் முதல் ஆளுக்குப் பார்ப்பதற்கு முன், அந்த நீல மருந்து கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குக் கட்டாயம் திரிகிற சீரம் ஒன்றும், கட்டாயம் திரியாத சீரம் ஒன்றும் தேவை. திரியாததற்குப் பெயர் நெகட்டிவ் கன்ட்ரோல். பெட்டியோடு வருகிற சின்னப் புட்டி பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவசரத்துக்கு என் ரத்தத்தை எடுத்துப் பார்த்தோம். டைபாய்டுக்கும் அதன் உறவுக் காய்ச்சல்களுக்குமாக அட்டையில் இருக்கும் நான்கு வட்டத்திலும் ஒரு பொட்டுத் திப்பி இல்லை. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமைதோறும் ஆயிஷா அக்கா என் கையில் ஊசி குத்துவார். அந்தச் சீரம் வாரம் முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கும். ஒரு நீள நோட்டில் தேதி போட்டு, என் பெயரின் முதலெழுத்தை எழுதி, 'சு - இல்லை' என்று குறித்துவைப்போம். இது முறையான வழி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பலருக்குக் கொஞ்சமாவது திரியும். எப்போதோ வந்து போன காய்ச்சலின் மிச்சம் ரத்தத்தில் கிடக்கும். எனக்கு அது துளியும் இல்லை. "உன் ரத்தம் பைப்புத் தண்ணி மாதிரி சுமதி" என்பார் ஆயிஷா அக்கா. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வம்தான் என்னைப் படுக்கவைத்தது.

காய்ச்சல் ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் லேசாகக் குளிர்ந்தது, தலை வலித்தது. காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போல ரத்தம் கொடுத்தேன். வழக்கம்போல 'இல்லை' என்றே வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எதிர்ப்பொருள் தலைகாட்ட ஒரு வாரமாவது ஆகும், இரண்டாம் நாள் வைடால் பார்ப்பதும் விதைத்த மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்ப்பதும் ஒன்று என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குச் சொன்னதை எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்கக் காலையில் வேலை, சாயங்காலம் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்கும், நேரம் போனால் ஏறும். வீட்டுக்காரர் மாதேஷ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் நிதானமாக என் முகத்தைப் பார்ப்பார். மகள் தர்ஷினிக்கு எட்டு வயது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது என் வேலை. காய்ச்சலோடுதான் ஊட்டினேன்.

அடுத்த திங்கட்கிழமை என் சீரம் திரிந்தது.

அட்டையை ஆட்டத் தொடங்கிய அரை நிமிடத்திலேயே முதல் வட்டத்தில் நீலம் விலகித் திப்பியாகத் திரண்டது. நான் பாட்டிலைத்தான் சந்தேகப்பட்டேன். முந்தின நாள் நெடுநேரம் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் சூடாகி மருந்து கெட்டிருக்கும் என்றேன். புது பாட்டில் உடைத்தேன். அதிலும் திரிந்தது. ஆயிஷா அக்கா தன் கையை நீட்டினார். அவர் ரத்தத்தை எடுத்து, சுழற்றி, அதே மருந்தில் பார்த்தேன். வழவழவென்று நின்றது.

"பாட்டில்ல ஒண்ணுமில்ல புள்ள. உன் ரத்தத்துலதான் இருக்குது" என்றார்.

"அக்கா, தினம் இந்த ரத்தத்துலயே உருண்டு பொரள்றோம். கொஞ்சம் ஏறியிருக்கும். இந்த ஊர்ல யாருக்குத்தான் இல்ல?"

"ஆறு வருசமா ஏறாதது இந்த வாரம் ஏறுச்சா?"

நான் சிரித்தேன். வைடால் சில நேரம் பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். பழைய காய்ச்சலுக்கும் திரியும், வேறு காய்ச்சலுக்கும் சில நேரம் திரியும். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பேன். தெரிந்ததனால் தப்பிக்க வழி கண்டுபிடித்தேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் என்னிலிருந்தே ஆரம்பித்திருந்தேன்.

நோட்டில் எழுத வேண்டாம் அக்கா என்று கேட்டுக்கொண்டேன். கீழே மருந்துக்கடையில், கிருமியைக் கொல்லும் சிப்ரோ மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டேன். காய்ச்சல் இறங்குவது போல் போக்குக் காட்டிவிட்டு முன்பைவிட அதிகமாக வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டது. மாதேஷ் ஒரு நாள் இரவு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தன நாளா இப்பிடிக் கொதிக்குது?" என்றார். நேற்றுதான் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

பதினாறாம் நாள் லேபிலேயே விழுந்துவிட்டேன். ஒருவர் கையில் கட்டு இறுக்கி நரம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். கண் முன்னால் எல்லாம் மஞ்சளானது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது மாதேஷின் வேனில், பள்ளிப் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே, தருமபுரி போகிற சாலையில் கண் விழித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். வாசலுக்கு வெளியே பெஞ்சில் அவரவர் முறைக்காகக் காத்திருக்கிறவர்களைத் தாண்டித் தள்ளுவண்டியில் போனபோது, நான் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முகங்கள் மாதிரியே அந்த முகங்களும் இருந்தன. இப்போது என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயது. நிதானமான பேச்சு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாடியை எண்ணினார். காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல் இருந்தும் நாடி அவ்வளவு வேகமாக ஓடவில்லை, டைபாய்டில் இப்படி இருக்கும் என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"காய்ச்சல் எத்தனை நாளா இருக்குது, சுமதி?"

மாதேஷ் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். "அஞ்சு நாளுங்க மேடம்" என்றேன்.

"ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"காய்ச்சல் மாத்திரை மட்டும்தாங்க."

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கணவரிடம் முன்பு சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் பயம். டைபாய்டு மூன்றாவது வாரத்துக்குள் நுழைந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியலாம், ஓட்டை விழலாம் என்று படித்திருக்கிறேன். பதினாறு நாள் என்று என் வாயால் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அதோடு, பதினாறு நாள் என்றால் அத்தனை நாளும் தர்ஷினிக்கு ஊட்டிய கை இந்தக் கைதான்.

ரத்தம் எடுத்தார்கள். அதில் ஒரு பங்கை இரண்டு சின்ன பாட்டில்களில் விட்டு கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கல்ச்சர் என்றால், ரத்தத்தில் கிருமி இருந்தால் அதற்குத் தீனி போட்டு வளர்த்துக் கண்ணால் பார்ப்பது. இரண்டு மூன்று நாள் ஆகும், வளரவில்லை என்று முடிவாகச் சொல்ல ஐந்து நாள்கூட ஆகும். வைடால் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. முந்நூற்று இருபது மடங்கு நீர்த்த பிறகும் என் சீரம் திரிந்திருந்தது.

டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "அஞ்சு நாள் காய்ச்சலுக்கு இது ஜாஸ்தியா இருக்குதே."

"எனக்கு எப்பவுமே அப்பிடித்தாங்க மேடம் வரும். லேப்ல வேலைங்க, தெனம் கை படுது" என்றேன்.

அவர் என்னை நம்பினார். நம்பக்கூடிய விஷயத்தைத்தான் நான் சொல்லியிருந்தேன். பழைய எதிர்ப்பொருள் என்று அந்தத் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, டெங்குவா, காட்டுப் பக்கம் பூச்சி கடித்து வருகிற காய்ச்சலா என்று தேடப் போனார். உடம்பில் எங்காவது கடித்த தழும்பு இருக்கிறதா என்று நர்ஸ் அக்குள், இடுப்பு எல்லாம் பார்த்தார். இருந்தால்தானே கிடைக்கும். அன்று ஒரு நாள் முழுக்க என் பொய்யின் பின்னால் எல்லாரும் அலைந்தார்கள்.

மறுநாள் காலை கழிப்பறையில் கறுப்பாக, தார் மாதிரி போனது. பிறகு சிவப்பாக. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்துவிடுவேன் என்று தெளிவாகத் தோன்றியது. அழக்கூட இல்லை. தர்ஷினியின் பள்ளிச் சீருடையில் ஒரு பொத்தான் தைக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது, அதை யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பார்வை நேரத்துக்கு ஆயிஷா அக்கா வந்தார். தோளில் கறுப்புப் பை, கையில் ரொட்டிப் பொட்டலம். என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிலில் தொங்கிக்கொண்டிருந்த என் நோய்க்குறிப்பு அட்டையைப் படித்தார். எங்களுக்கு அதைப் படிக்கத் தெரியும் என்பதுதான் தொல்லை.

"அஞ்சு நாளா?" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாத்திர சாப்புட்டத சொன்னியா? உன் ரத்தம் திரிஞ்சத சொன்னியா?"

"அக்கா, அவரு கேட்டா..."

"அவரு கேட்டா என்ன, ரெண்டு திட்டு திட்டுவாரு. வாங்கிக்க. யா அல்லா, உன்ன இப்பிடியே வுட்டுட்டுப் போயி நான் எப்பிடிச் சோறு திங்கறது?"

எழுந்து நேராக டாக்டரம்மா மேசைக்குப் போனார். பையிலிருந்து எங்கள் நீள நோட்டை எடுத்து விரித்துவைத்தார். அதைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார். நான் எழுத வேண்டாம் என்று கெஞ்சிய அந்தத் திங்கட்கிழமைக்கு நேராக, பென்சிலில், 'சு - திரிந்தது' என்று எழுதியிருந்தது.

டாக்டரம்மா நோட்டோடு என் படுக்கைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். வாரா வாரம் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

"இது என்ன நோட்டுன்னு உங்களுக்குத் தெரியுமா, சுமதி? வைடால்ல பெரிய சிக்கலே இதுதான். இன்னைக்கு எதிர்ப்பொருள் இருக்குன்னு சொல்லும். அது இப்ப வந்ததா, எப்பவோ வந்ததோட மிச்சமான்னு சொல்லாது. காய்ச்சலுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் யாருக்குமே இருக்காது, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. உங்களுக்கு ஆறு வருஷமா இருக்குது." நோட்டை மூடினார். "இப்ப உண்மையச் சொல்லுங்க. எத்தனை நாள்?"

"இன்னையோட பதினேழு."

டாக்டரம்மாவின் பின்னாலேயே வந்து நின்ற மாதேஷ் என்னைப் பார்த்தார். வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிய ஈரத்தோடு திரும்பி வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கல்ச்சருக்காகக் காத்திருக்காமல் நரம்பில் வேறு ஊசி ஏற்ற ஆரம்பித்தார்கள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். ஒரு பாட்டில் ரத்தம் ஏறியது. அறுவை சிகிச்சை டாக்டர் வந்து வயிற்றை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். குடலில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, நிற்கவைத்து எக்ஸ்ரே எடுக்கும்போது ஈரலுக்கு மேலே பிறை மாதிரிக் கறுப்பாகத் தெரியும். அந்தப் பிறை தெரிந்தால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். அதனால் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் மாதேஷ் என் முதுகைத் தாங்கி நிறுத்துவார். படம் வருகிற வரைக்கும் நான் அந்த ஊழியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் எதிரில் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்களும் அப்படித்தானே என் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று அப்போது தோன்றியது. எத்தனை பேரிடம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "டைபாய்டு இருக்குதுங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளை நீட்டியிருக்கிறேன்.

பிறை தெரியவில்லை. மூன்றாம் நாள் கல்ச்சர் வந்தது. டைபாய்டுக் கிருமியேதான், சிப்ரோவுக்கு அடங்காத வகை. அந்த மாத்திரையைத் தின்றும் அது செழிப்பாக வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். ஏறிக்கொண்டிருந்த ஊசி மருந்துக்கு அடங்கும் என்றும் எழுதியிருந்தது. ரத்தப்போக்கு நின்றது. எனக்கு உதட்டை நனைத்துக்கொள்ள ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கிருந்து இது வந்தது என்று மாதேஷ் விடாமல் ஆராய்ந்தார். ஒகேனக்கலில் மீன் தின்றதுதான் என்றார், கல்யாண வீட்டுத் தண்ணீர்தான் என்றார். கை கழுவாமல் லேபில் டீ குடித்த நாள்களை நான் அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் எங்களுக்கு அது தெரியவில்லை.

நான்காம் நாள் மாலை போன் வந்தது. கம்பைநல்லூரிலிருந்து என் நாத்தனார் சாந்தா எங்கள் வீட்டில் வந்து தங்கி, தர்ஷினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனசு. தனக்குக் கறவை மாடு இரண்டு இருக்க, பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர்.

"அண்ணி, பயப்படாதீங்க. பாப்பாவுக்கு நேத்துலர்ந்து லேசா மேலு சுடுது. கடையில சொல்லி மாத்திர வாங்கியாந்திருக்கறன், சோறு திங்கவும் குடுத்துரட்டுங்களா?"

"குடுக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டது. "ஒரு மாத்திரகூட குடுக்காதீங்க. இங்க கொண்டாந்துருங்க, இப்பவே."

என் உயிர் போய்விடும் என்று பயந்தது ஒரு பயமே இல்லை. அன்று இரவு வந்ததுதான் பயம். நான் சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்த ஒவ்வொரு காலையும் வரிசையாக ஞாபகம் வந்தது. ரசம் சோறு, தயிர் சோறு, ஒரு நாள் முட்டை. என் காய்ச்சலை ஒளித்துவைத்தேன், என் கையை ஒளித்துவைக்கவில்லை. கடவுளிடம் பேரம் பேசினேன். எனக்கு ஓட்டை விழட்டும், அவளுக்கு இது வேண்டாம் என்றேன். அப்படி நினைத்தவுடன் வயிறு வலித்தது, உடனே அதற்கும் பயந்தேன்.

குழந்தைகள் பகுதியில் டாக்டர் பார்த்தார். தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது, சாதாரணச் சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், ஆனால் தாய்க்கு டைபாய்டு என்பதால் விடக் கூடாது என்றார். கிருமியைக் கொல்லும் மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும்; அப்படி எதுவும் வயிற்றுக்குள் போகாத நிலையில் ரத்தம் எடுத்தார்கள். சேதி தெரிந்து வந்த ஆயிஷா அக்கா குழந்தையின் ரத்தத்தில் இன்னொரு சின்னக் குழாய் நிறையக் கேட்டு வாங்கி, ஐஸ் போட்டு லேபுக்குக் கொண்டுபோனார்.

"இது அவளோட மொத ரத்தம். மூணு வாரம் போகட்டும், இன்னொன்னு எடுப்போம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்போம். டாக்டரம்மா சொன்னாங்கல்ல" என்றார்.

தர்ஷினியை என் வார்டுக்குள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே சாந்தாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கையாட்டினாள். எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்திருந்தார் சாந்தா. நானும் கையாட்டினேன். அந்தக் கையை உடனே போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்று வந்தது. மாதேஷ் முகத்தில் அத்தனை நாளுக்குப் பிறகு சிரிப்பு. "ஒண்ணுமில்லன்னு வந்திருச்சில்ல, இன்னும் ஏன் இப்பிடி உக்காந்திருக்கற?" என்றார்.

கல்ச்சர் எல்லாக் கிருமியையும் பிடித்துவிடாது. ரத்தத்தில் கிருமி கொஞ்சமாக இருந்தால் தப்பிவிடும். தானாக இறங்குகிற காய்ச்சலும் சில நேரம் உள்ளே எதையோ வைத்துக்கொண்டுதான் இறங்கும். அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஒரு முறை அரைகுறை அறிவு என் பயத்தை மறைத்தது. இப்போது அதே அறிவு என்னைத் தூங்கவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு கிலோ குறைந்திருந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. காய்ச்சல் போன பிறகும் சிலருடைய குடலிலோ பித்தப்பையிலோ இந்தக் கிருமி ஒளிந்திருந்து மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும், அவர்கள் சமைத்தால் சாப்பிடுகிறவர்களுக்குத் தொற்றும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அது இல்லை என்று தெரிகிற வரை சமையலறைக்குள் போகக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று மூன்று முறை மலம் கொடுத்தேன். சாந்தாவே சமைத்தார். என் தட்டையும் டம்ளரையும் நானே தனியாகக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

"அண்ணி, கை தோலே உரிஞ்சிரும்போல. எத்தன தடவதான் சோப்பு போடுவீங்க?" என்றார் சாந்தா.

மூன்றும் சுத்தம் என்று வந்தது. அப்போதும் நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. தர்ஷினி பசி என்று வந்து நின்றால் "அத்தகிட்டக் கேளு" என்றேன். ஒரு நாள் வாயைத் திறந்துகொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பின்னால் அவள் தானே பிசைந்து தின்கிற சத்தம் கேட்டது.

அவளுடைய முதல் ரத்தம் எடுத்து மூன்று வாரம் முடிந்த அன்று அவளை லேபுக்கு அழைத்துப்போனேன். ஆயிஷா அக்கா ஒரே குத்தில் எடுத்தார், பிள்ளை அழவில்லை. சீரம் தெளிந்ததும் நான் அட்டையை எடுக்கக் கையை நீட்டினேன்.

அக்கா கையைத் தட்டிவிட்டார். "உன் கண்ண நான் நம்ப மாட்டன். வெளிய போயி உக்காரு."

"அக்கா, நான் பாக்காம யாரு பாக்கறது?"

"எல்லாரும் எங்க உக்காருவாங்களோ அங்க போயி உக்காரு."

ஆறு வருடத்தில் லேப் கதவுக்கு வெளியே கிடக்கும் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் ஆடுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் காதில் போனை வைத்துக்கொண்டு கத்திப் பேசிக்கொண்டிருந்தார். தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. தோள் மெல்ல அசைந்தது, ஆட்டத் தொடங்கிவிட்டார். காய்ச்சலன்று எடுத்த ரத்தம் ஒரு பக்கம், இன்று எடுத்தது ஒரு பக்கம். அவளுக்கு டைபாய்டை நான்தான் கொடுத்திருந்தேன் என்றால், இன்றைய துளி திரியும். ஒரு நிமிடம்தான். நான் வாய்க்குள் அறுபது எண்ணினேன். அக்காவின் தோள் நிற்கவில்லை. மறுபடியும் அறுபது எண்ணினேன். இன்னும் ஆட்டிக்கொண்டேயிருந்தார். ஏதோ திரண்டிருக்கிறது, என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். தர்ஷினியை இறுக்கியதில் அவள் நெளிந்தாள்.

அக்கா கையைக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"அஞ்சு நிமிசம் ஆட்டிட்டன், என் மனசு கேக்கல. ரெண்டும் ஒரே மாதிரிதான் நிக்குது, ஒரு பொட்டு திரியல" என்றார். "எந்திரி சுமதி. வூட்டுக்குப் போயி கொழந்தைக்குச் சோறாக்கி ஊட்டு."

நான் அந்தப் பெரியவர் எதிரில், லேபுக்கு வந்த அத்தனை பேர் எதிரில், வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூட அப்படி அழவில்லை. தர்ஷினி என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பஞ்சு ஒட்டியிருந்த தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏம்மா நீ அழுவுற? ஊசி எனக்குத்தான குத்துனாங்க!"